ஈரச் சாக்கும் மஞ்சள் கண்ணாடியும்

இன்று காலை பங்கு ஃபாதரை எருமை மாடு என்று திட்டிவிட்டேன். வேண்டுமென்று இல்லை. பேக்கரியில் பாண் சுடுகிற போறணையிலிருந்து தணலை வாரிப் போட்டுவிட்டு, கம்பில் கட்டிய ஈரச் சாக்கை உள்ளே விட்டுத் துடைத்தேன். சூடேறிய கல்லில் சாக்குப் பட்டதும் சீறிக்கொண்டு கிளம்பிய ஆவி நேரே முகத்துக்கு வந்து மூக்குக்கண்ணாடியை மூடிவிட்டது. எதிரே வாசலை அடைத்துக்கொண்டு ஓர் உருவம். மாவு பிசைகிற செல்வம்தான் என்று நினைத்து, "நிக்கிறான் பாரு எருமை மாடு மாதிரி, கதவ மூடுடா!" என்று கத்தினேன். உருவம் மெதுவாகக் கதவை மூடியது. பிறகு, "மூடிட்டேன் மகனே. பாண் எப்ப வரும்?" என்று கேட்டது.

என் பெண்டாட்டி ஸ்டெல்லா மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டி, ஃபாதரிடம் மன்னிப்புக் கேட்டு, அவரை உட்காரவைக்க ஒரு கதிரையை இழுத்தால் அதிலும் மாவு. போகும்போது அவருடைய வெள்ளை அங்கியில் மாவு ஒட்டியிருந்தது நல்லவேளை தெரியவில்லை.

நீ இருந்திருந்தால் இந்தக் கதையைக் கண்டி முழுக்கச் சொல்லியிருப்பாய். என்னைப் பற்றிய கதைகளை உன்னைப்போல் யாரும் சொன்னதில்லை. அதைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன். நீ வாசிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன். இருந்திருந்தால் எழுத்துப் பிழைகளைத் திருத்தித் திருப்பி அனுப்பியிருப்பாய்.

அந்த ஈரச் சாக்கை நான் தொட்டுச் சில வருடங்கள் ஆகிவிட்டன. நீ இறந்து ஒரு மாதம் கழித்து, இன்றைக்குத்தான் மறுபடி தொட்டேன். ஏன் தொடுவதை விட்டேன் என்பது உனக்குத் தெரியும். ஏன் மறுபடி எடுத்தேன் என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

நமக்குள் கணக்கு மிகச் சுலபம். ஹுன்னஸ்கிரியத் தோட்டத்திலிருந்து ஒரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வத்தேகமவுக்குப் படிக்க வந்தோம். சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் என்னைக் கீழே போட்டுவிட்டு உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போயிற்று. நீ பல்கலைக்கழகம், வெளிநாடு, கலாநிதிப் பட்டம் என்று சுற்றிவிட்டு வந்து, மாணவர்கள் எழுந்து நிற்கிற ஸேர் ஆனாய். நான் ஒரு பாண்காரரின் மகளைக் கட்டிப் பாண்காரன் ஆனேன். பேக்கரி எனக்குச் சீதனமாக வந்தது என்பார்கள். உண்மையில் நான்தான் பேக்கரிக்குச் சீதனமாக வந்தேன். ஆனாலும் கடைக்கு வருகிறவர்களிடம் எனக்கு இருந்த ஒரே பெருமைப் பேச்சு நீதான். "என் கூட்டாளி வெயில்ல இருந்து கரண்ட் எடுக்கிறான்" என்று சொல்லாமல் ஒரு றாத்தல் பாண்கூட நான் விற்றதில்லை.

மின்வெட்டுக் காலத்தில் ஒரு நாள் பின்னேரம், மழையில் நனைந்துகொண்டு ஒரு பிஸ்கட் தகரப்பெட்டியோடு நீ வந்தாய். குடையைப் பெட்டிக்குப் பிடித்திருந்தாய், தலைக்குப் பிடிக்கவில்லை.

"மச்சான், ஒன் போறணை எப்பயாச்சும் ஆறுமா?"

"வருசத்துல ஒரு நாள். பெரிய வெள்ளிக்கு."

"அப்ப இத வச்சுக்க."

திறந்து காட்டினாய். கிரீம் கிரேக்கர் பிஸ்கட் அளவில் கண்ணாடித் துண்டுகள், உள்ளே நன்றாக வறுத்த கோப்பிக்கொட்டை நிறம். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே மெல்லிசாகப் பூசியிருப்பதுதான் விசயம் என்றாய். பெயர் பெரோவ்ஸ்கைட்.

"பேரச் சொல்றதுக்கே பல்லுக் கட்டணும் போல இருக்கே" என்றாள் ஸ்டெல்லா.

எனக்கு விளங்குகிற மாதிரி நீ சொல்லித் தந்தாய், அதை இன்றைக்கும் மறுக்க மாட்டேன். சுடப்போகிற பணிஸ் மேல் முட்டை பூசுகிற மாதிரி இதைக் கண்ணாடியில் பூசுவார்களாம். பூசும்போது மஞ்சள். இலேசாகச் சூடு காட்டினால் கறுத்துப் பழுப்பாகும். அந்தப் பழுப்புத்தான் வெயிலைக் குடித்துக் கரண்ட் தரும். இப்போது கூரைகளில் இருக்கிற தகடுகளைச் செய்யப் பெரிய உலையே வேண்டும். இதற்கு என் பேக்கரிச் சூடே மிச்சம். "அப்பறம் என்னடா, போட வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"சூடுதான் மச்சான் வில்லங்கம். செய்யறதுக்குக் கொஞ்சச் சூடு போதும். ஆனா கூரையில மாசக்கணக்கா வெயில்ல கெடந்தா உள்ள இருக்கிறது பிரிஞ்சு, திரும்ப மஞ்சளாயிடும்."

"பாண் திரும்ப மாவாகிற மாதிரியா?"

நீ அப்படிச் சிரித்தாய். "இத அப்படியே லெக்சர்ல சொல்லப்போறேன்டா" என்றாய். சொன்னாயா என்று தெரியாது. சொல்லியிருந்தால் அது நான் பல்கலைக்கழகத்துக்குள் போன ஒரே தடவை.

பழைய கலவையில் சூடு பட்டால் ஆவியாக ஓடிவிடுகிற ஒரு சாமான் இருந்ததாம். நீ அதை எடுத்துவிட்டு ஓடாத ஒன்றைப் போட்டிருந்தாய். அது தாங்குகிறதா என்று பார்க்க, கொதிக்கிற கூரையின் சூட்டில், கிட்டத்தட்ட எண்பத்தைந்து பாகையில், வாரக்கணக்காக ஆறவிடாமல் வைத்திருக்க வேண்டும். பல்கலைக்கழக லாப்பிலும் ஒரு செட் வைத்திருக்கிறாயாம். ஆனால் கரண்ட் போகிற ஒவ்வொரு தடவையும் அங்கே அடுப்பு ஆறிவிடுகிறது. விறகுக்கு மின்வெட்டுக் கிடையாதே.

"இது மட்டும் தாங்கிச்சுனா, மொதக் கூரை ஒன் பேக்கரிக் கூரைதான். சத்தியமா."

ஸ்டெல்லாதான் கேட்க வேண்டியதைக் கேட்டாள். "அதுல நஞ்சு கிஞ்சு இருக்காண்ணே?"

"ஈயம் இருக்கு தங்கச்சி. ஆனா கண்ணாடிக்குள்ள அடைச்சு, பெட்டிக்குள்ள வச்சிருக்கேன்."

"பாண் பக்கம் வந்திச்சு, பெட்டியோட சேத்து ஒங்களையும் ரோட்டுல வைப்பேன்."

ஆகவே போறணையின் பின்பக்கம், புகைபோக்கி ஓரமாக என் மாமனார் ஈர விறகு காயப்போட்டுவந்த கல்தட்டில் பெட்டியை வைத்தோம். நீ வெப்பமானி வைத்துப் பார்த்துத் தலையாட்டினாய். அப்போது செல்வம் சாக்கை நனைத்துப் போறணைக்குள் விட்டான். ஆவி எழும்பிப் பின்பக்கம் வரை வந்தது. விறகுப் போறணையில் இது செய்யாமல் முடியாது. சாம்பலும் போகும், அந்த ஆவியில்தான் ரோஸ் பாணுக்கு நொறுநொறுவென்று தோல் பிடிக்கும். நான் பயந்து கேட்டேன்: "ஆவி வருதே, பரவால்லயா?"

நீ ஒரு துண்டை எடுத்து, விரல் நகத்தால் ஓரத்தைச் சுரண்டிக் காட்டினாய். "சுத்திவரப் பசை போட்டு அடைச்சிருக்கு. மழையில கெடந்தாலும் ஒன்னும் ஆவாது. நீ ஒன் வேலையப் பாரு மச்சான்."

நீ அப்படித்தான் சொன்னாய். இதை எழுதும்போது பேனாவை அழுத்திவிட்டேன், தாளில் ஓட்டை.

அந்த வாரங்களில் என் பெண்டாட்டியைக் கவனித்ததைவிட உன் பெட்டியை அதிகம் கவனித்தேன். விறகு கூடினால் சூடு கூடும், குறைந்தால் குறையும்; கைக்குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய வெள்ளிக்கு முதல் நாள் நீ ஃபோன் எடுத்தாய்.

"மச்சான், நாளைக்கு அணைப்பியா?"

"அணைக்கணும்டா. மாமனார் காலத்துல இருந்து வழக்கம்."

"ஒரு நாள் ஆறினாக்கூட இவ்வளவு நாள் செஞ்சதும் சரியில்லாம போயிடும்." அதற்குமேல் நீ கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் உன் கெட்டித்தனம்.

பெரிய வெள்ளியன்று எங்களில் எந்தப் பாண்காரனும் தீ மூட்டமாட்டான். நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, சிலுவைப்பாதையில் ஒவ்வொரு தலத்துக்கும் நடுவே பின்னால் நழுவி, ஓடிப்போய் விறகு தள்ளிவிட்டு, மூச்சிரைக்க வந்து முழங்காலில் விழுந்தேன். பக்கத்தில் இருந்த கிழவி, "இந்தத் தம்பிக்கு என்னா பக்தி, அழுகையில மூச்சே வாங்குது" என்றாள். ஸ்டெல்லா என் காலரை முகர்ந்து பார்த்தாள். புகை. உயிர்த்த ஞாயிறு வரைக்கும் அவள் என்னோடு பேசவில்லை. அன்றைக்கும் ஆண்டவர் உயிர்த்தார் என்பதற்காகத்தான் பேசினாள், என்னை மன்னித்தாள் என்பதற்காக இல்லை.

பிறகு பெட்டியைத் திறக்கிற நாள். நீ வந்தபோதே முகம் சரியில்லை. பஸ் இல்லாமல் நடந்து வந்த களைப்பு என்று நினைத்தேன். மகள் டிலானி ஃபோனில் படம் பிடிக்க நின்றாள். அப்போது அவள் சாதாரண தரம் படித்துக்கொண்டிருந்தாள்; வீட்டில் உன்னை மாமா என்றும், பள்ளிக்கூடத்தில் 'எங்க ஸயன்டிஸ்ட் மாமா' என்றும் சொல்வாள். அவளும் உன்னைப்போல் படிக்கப்போவதாக ஊருக்கே சொல்லி வைத்திருந்தாள்.

மூடியைத் திறந்தாய். மஞ்சள். எல்லாத் துண்டும் மஞ்சள்.

நீ சுற்றிப் பார்த்தாய். சுவரில் சாத்தியிருந்த சாக்குக் கம்பில் உன் கண் நின்றது.

"இத தினமும் விட்டியா?"

"பின்ன? விடாம எப்புடிடா பாண் போடறது? நீதானே பரவால்லன்னு..."

"நான் அப்புடிச் சொல்லலியே மச்சான்."

"சொன்னியேடா. பசை போட்டிருக்கு, மழையில கெடந்தாலும்னு..."

"யோசிச்சுப் பாரு. நான் எப்புடி அப்புடிச் சொல்லுவேன்? தண்ணிதானே இதுக்கு எமன்."

நான் யோசித்துப் பார்த்தேன். என் மூளையையும் உன் மூளையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெருக்கல் வாய்ப்பாடே ஒழுங்காக நிற்காத தலை என்னுடையது. நீ சொன்னதாக எனக்கு இருந்த ஞாபகத்தை நானே எடுத்து வெளியே போட்டேன். வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். சொன்னது நீ.

நீ என் தோளில் கை வைத்தாய். "விடுடா. தெரியாமதானே செஞ்ச. நான் மன்னிச்சிட்டேன்."

டிலானி ஃபோனை மெதுவாகக் கீழே இறக்கினாள்.

நான் உனக்கு நன்றி சொன்னேன். அதை நினைத்தால் இப்போது காது சுடுகிறது. உன் கையைப் பிடித்து, கண் கலங்கி, "ரொம்ப நன்றிடா மச்சான்" என்றேன். நீ போகும்போது ஒரு துண்டை என் கையில் வைத்து, "ஞாபகத்துக்கு வச்சுக்க" என்றாய். அதைக் கழுவித் துடைத்து, அலுமாரிக்கு மேலே மாதா படத்துக்குப் பின்னால் வைத்தேன்.

மறுநாளிலிருந்து போறணையை ஈர்க்குமாற்றால் தண்ணீர் காட்டாமல்தான் கூட்டினேன். சாக்குக் கம்பை மூலையில் போட்டேன். தோல் இல்லாத ரோஸ் பாண், அடியில் சாம்பல் ஒட்டின பாண். த்ரீவீல் ஓட்டுகிற நிஸாம் நானா பாணைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மொதலாளி, பாணோட பல்லுத் தேய்க்கிற கரியும் ஓசியா?" என்று கேட்டார். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிப்பதுதானே எனக்குத் தெரிந்த ஒரே தொழில், பாண்கூட இரண்டாவதுதான்.

பாவசங்கீர்த்தனமும் செய்தேன். அப்போதிருந்த வயதான ஃபாதரிடம் முழங்காலில் நின்று, "பெரிய வெள்ளியன்னிக்குப் போறணை மூட்டினேன் ஃபாதர். என் கூட்டாளியோட பெரோவ்ஸ்கைட்டையும் கெடுத்திட்டேன்" என்றேன். தட்டிக்கு அந்தப் பக்கம் ஃபாதர் காதைக் கிட்டக் கொண்டுவந்தார். பிறகு மிக மெதுவாக, "அந்தப் புள்ள இப்ப எங்க இருக்கு மகனே?" என்று கேட்டார். இதையும் உன்னிடம் வந்து சொன்னேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். உன் சிரிப்பைக் கேட்டு, உனக்கு என் மேல் கோபமே இல்லை என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு நீ எப்படிச் சிரித்தாய் என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

உன் மச்சினியின் கல்யாணத்தில் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் இருக்க, "இவன் யாருன்னு தெரியுமா? சூரியனையே இடியப்பமா அவிச்சவன்" என்று என்னை அறிமுகப்படுத்தினாய். மேசையே அதிர்ந்தது. அதில் என் சிரிப்புத்தான் பெரிய சிரிப்பு. டிலானி பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டாள். பரீட்சை முடிவு வந்தபோது விஞ்ஞானத்தில் நல்ல பெறுபேறு; ஆனால் உயர்தரத்துக்கு வர்த்தகம் எடுத்தாள். ஏனென்று கேட்டேன்.

"ஸயன்ஸ் வேணாம்பா. நாங்க எதத் தொட்டாலும் கெடுத்துருவோம்."

நான் மட்டும் கெடுக்கிறவன் என்று சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். 'நாங்க' என்றாள்.

கடைசியாகக் கண்டி ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்தேன். நீ கட்டிலோடு கட்டிலாக ஒட்டிக்கிடந்தாய். நான் கொண்டுவந்த பணிஸைப் பிய்த்து வாயில் வைத்து, விழுங்காமல் வைத்திருந்தாய். நான் விவஸ்தை கெட்டவன், அந்த நேரத்திலும் அதையே எடுத்தேன். "மச்சான், அந்தக் கண்ணாடி விசயத்துல ஒனக்கு இன்னும் மனசுல ஏதாச்சும்..."

நீ ஜன்னலைப் பார்த்தாய். "அதையே புடிச்சுக்கிட்டு இருக்காதடா" என்றாய். கொஞ்சம் பொறுத்து, "நீ சூடு தாங்குற ஆளு மச்சான். நான் அப்படியில்ல" என்றாய். காய்ச்சலில் பேசுகிறாய் என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். பார்வை நேரம் முடிந்து என்னை வெளியே போகச் சொல்லும்வரை உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நேரம் இருந்தது உனக்கு.

போன ஞாயிற்றுக்கிழமை உன் முப்பத்தோராம் நாள் பூசை. கோயில் மண்டபத்தில் தேத்தண்ணிக்கு மீன் பணிஸ் என் பொறுப்பு. நான் ஒரு தட்டு, டிலானி ஒரு தட்டு. உன்னிடம் படித்து இப்போது அங்கேயே வேலை செய்கிற யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்று வந்து, என் தட்டில் ஒரு பணிஸை எடுத்துக்கொண்டு சிரித்தது.

"நீங்கள்தானே அந்தப் பேக்கரி அங்கிள்? உங்கட போறணையைப் பற்றி ஸேர் எப்பவும் சொல்லுவார். எங்கட லாப்பில இருக்கிறதைவிட அது திறம் எண்டு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "திறம் என்னா தங்கச்சி, ஆவி காட்டிக் கெடுத்தவன்தானே நான்."

"ஆவியோ?" அந்தப் பிள்ளைக்கு உண்மையாகவே விளங்கவில்லை. "இல்லையே அங்கிள். உங்கட பெட்டியை எடுக்க வாறதுக்கு முதல் கிழமையே லாப்பில வச்சதும் மஞ்சளாப் போட்டுது. அங்க ஏது ஆவி? கரண்ட் போய்ப்போய் வந்தும் அதுவே தாங்கேல்லை. ஸேர் ரெண்டு நாள் ஒருத்தரோடயும் கதைக்கேல்லை. கலவைதான் பிழை."

தட்டு என் இரண்டு கையிலும் இருந்தது. கீழே வைக்கவும் இடமில்லை.

"ஆவி உள்ளுக்குப் போயிருந்தா ஓரத்தில இருந்துதான் மஞ்சள் பரவும் அங்கிள். உங்கட பெட்டியில இருந்தது எல்லாம் நடுவில மஞ்சள், ஓரம் அப்பிடியே கறுப்பு. ஸேர்தான் எங்களுக்குக் காட்டினவர். நீங்கள் ஆறாம வச்சிருந்தபடியாத்தான் பிழை எங்கயெண்டு பிடிச்சனாங்கள். இப்ப செய்யிறது நல்லாத் தாங்குது." பிறகு என் முகத்தைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "ஏன், ஸேர் உங்களுக்குச் சொல்லேல்லையோ?" என்றது.

"சொன்னாரு, சொன்னாரு" என்றேன். "எனக்குத்தான் வெளங்கல."

பார், அப்போதுகூட உனக்காகத்தான் வாய் போயிற்று. பழக்கம்.

டிலானி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். எனக்கு முன்னே வீட்டுக்கு நடந்தாள். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அலுமாரிக்கு மேலே கைவிட்டு மாதா படத்துக்குப் பின்னாலிருந்து அந்தத் துண்டை எடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். நடுவே மஞ்சள். சுற்றிவர, கரை கட்டின சேலை மாதிரி, கறுப்பு ஓரம். அத்தனை நாளும் அது அங்கேதான் இருந்தது. மாதத்துக்கு ஒரு தடவை தூசி தட்டி, பார்த்து, பெருமூச்சு விட்டு, திரும்ப வைத்தது நான்தான்.

"நாங்க ஒன்னும் கெடுக்கலம்மா" என்றேன்.

"இப்பச் சொல்லி என்னாப்பா" என்றாள். கணக்கியல் வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று போனாள்.

உன் கலவை தோற்றது எனக்கு ஒரு விசயமே இல்லை. கருகின பாணைக் காணாத பாண்காரன் எங்கே இருக்கிறான்? கருகினால் மாட்டுக்குப் போட்டுவிட்டு மறுபடி மாவு பிசைவோம். "மச்சான், தோத்துட்டேன்டா" என்று ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருந்தால், உன்னைக் கதிரையில் உட்காரவைத்து, சுடச்சுட ஒரு பணிஸ் கொடுத்து, நான் கணிதத்தில் வாங்கின புள்ளியைச் சொல்லி உன்னைச் சிரிக்கவைத்திருப்பேன். உன் மாணவர்களிடம் சொல்ல முடிந்தது உன்னால். என்னிடம் முடியவில்லை. உன்னைப் பெரிய ஆளாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான் ஒருவன்தான். அவன் முன்னால் சின்னவனாக நிற்க மனம் வரவில்லை. அதற்கு அவனையே சின்னவனாக்கிவிட்டாய். எப்படியும் சிரிப்பான், தாங்குவான் என்று கணக்குப் போட்டாய். நீதான் கணக்கில் கெட்டிக்காரனாயிற்றே.

ஆனால் அந்தத் துண்டை ஏன் கொடுத்தாய்? யாராவது ஒரு நாள் எனக்கு வாசித்துச் சொல்லட்டும் என்றா? அல்லது இவனுக்கு எங்கே விளங்கப் போகிறது என்றா? இதை யோசித்துக்கொண்டுதான் இந்த ஒரு வாரமும் மாவு பிசைந்தேன். சில நாள் முதலாவது என்று தோன்றும், உன் மேல் கொஞ்சம் இரக்கம் வரும். சில நாள் இரண்டாவது. இன்று காலை இரண்டாவது. அந்தக் கோபத்தில்தான் மூலையில் கிடந்த கம்பை எடுத்து, புதுச் சாக்குக் கட்டி, வாளியில் முக்கிப் போறணைக்குள் விட்டேன். மிச்சம் ஃபாதருக்குத் தெரியும்.

பாண் நன்றாக வந்தது. வெளியே எடுத்து அடுக்கியதும் தோல் படபடவென்று வெடிக்கிற சத்தம் கேட்டது. ஸ்டெல்லா வேலையை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டாள். நிஸாம் நானா பாணைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "என்ன மொதலாளி, கரி நிப்பாட்டியாச்சா?" என்றார்.

பின்னேரம் உன் பெண்டாட்டி வந்தாள். வெள்ளைச் சேலை, கையில் துணிப்பை. டிலானி கல்லாவில் இருந்தாள். ரோஸ் பாணைக் கையில் வாங்கியதும் தோல் நொறுங்குகிற சத்தத்தில் உன் பெண்டாட்டியின் முகம் கொஞ்சம் வெளித்தது. இந்த ஒரு மாதத்தில் நான் பார்த்திராத முகம்.

"பழைய பாண் மாதிரியே இருக்குண்ணே. சாக்குத் திரும்ப எடுத்துட்டீங்களா?"

"ஆமா தங்கச்சி."

"நல்லதுண்ணே. எவ்வளவு நாளைக்குத்தான் நீங்களும் அதையே நெனச்சுக்கிட்டு இருப்பீங்க. அவரு வீட்டுல எப்பவும் சொல்வாரு, பாவம் அவன், தெரியாமச் செஞ்சிட்டான், நான் அன்னிக்கே மன்னிச்சிட்டேன்னு. கடைசி வரைக்கும் ஒங்க மேல அவருக்குக் கோவமே இல்லண்ணே. என் மனுசன் அப்படி."

டிலானி சில்லறையை எண்ணுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். 'சொல்லுங்கப்பா' என்று அவள் கண் சொன்னது. என் மகளுக்குக் கடன்பட்டவன் நான்தான், நீ இல்லை. அதுவும் எனக்குத் தெரிந்தது. உள்ளே வீட்டில், பழையபடி மாதா படத்துக்குப் பின்னால் உன் கண்ணாடி இருந்தது. எடுத்துக் காட்ட ஒரு நிமிசம் போதும். ஓரத்தைக் காட்டி, நடுவைக் காட்டி, அந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை சொன்ன மாதிரியே சொல்லியிருக்கலாம். எனக்கு இப்போது அது நன்றாகவே விளங்கியிருக்கிறது.

பாணைத் திரும்ப வாங்கித் தாளில் சுற்றினேன். கூடவே ஒரு பணிஸும் வைத்தேன்.

"சூடா இருக்கு தங்கச்சி. பை வாயத் தெறந்து வச்சே கொண்டு போங்க. மூடினா தோல் எளகிடும்."

"சரிண்ணே" என்று பையின் வாயைத் திறந்து பிடித்துக்கொண்டு, மழை வருமா என்று வானத்தைப் பார்த்துவிட்டு, பாதையைக் கடந்து போனாள். டிலானி கல்லாப்பெட்டியை மூடினாள்.

என் வாய் வரைக்கும் வந்து, நான் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான்: 'அது ஆவியில்ல தங்கச்சி. அவருக்குத் தெரியும்.'